நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை

மார்ச் 5
அம்மாவின் மூளையில் புடைத்து வெடித்த ரத்தக்குழாயை நேற்றே காயில் என்ற மெல்லிய கம்பிச்சுருள் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆபத்து தாண்டியாச்சு என்று அண்ணன் எல்லோருக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் அவனை உட்காரவைத்துச் சொன்னார்: கசிந்த ரத்தம் மூளையைச் சுற்றித் தேங்கியிருக்கிறது, அது சிதையச் சிதைய அக்கம்பக்கத்துக் குழாய்கள் சுருங்கும், நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை கவனம் தேவை. ரத்தம் எட்டாத இடம் பக்கவாதத்தில் முடியும். அதற்குத்தான் நிமோடிபின். 30 மி.கி. மாத்திரை இரண்டிரண்டாக, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள்.

மார்ச் 8
ராத்திரி இரண்டு மணி வேளைக்கு எழுப்பத்தான் மனசு வரவில்லை. "தூங்கட்டும்டி, காலைல சேத்துக் குடுத்துக்கலாம்" என்றார் பெரியம்மா. சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மருந்து உடம்பில் அதிக நேரம் தங்காதாம். சேர்த்துக் கொடுத்தால் பிரஷர் விழுந்துவிடுமாம்.

மார்ச் 10
சேர்க்காமலே விழுந்தது. 140இல் இருந்தது 98. மூளைக்கென்று கொடுப்பது உடம்பு முழுக்கக் குழாய்களைத் தளர்த்துகிறது; அழுத்தம் இறங்கினால் சுருங்கிய குழாய்க்குள் ரத்தம் போகாது. மருந்தை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாத்திரையாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள்.

மார்ச் 12
நெற்றிப்பொட்டில் வைத்து டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் ஸ்கேன், பார்த்தார்கள். குழாய் சுருங்கினால் ரத்தம் வேகமாகப் பாயும். ரத்தத்தின் வேகம் நொடிக்கு 150 செ.மீ. 120ஐத் தாண்டினாலே குழாய் சுருங்குகிறதோ என்று சந்தேகம், 200 என்றால் கடுமை. இத்தனை மாத்திரைக்குப் பிறகும் ஏன் என்று கேட்டேன், குரல் உடைந்தது. டாக்டர் மறைக்கவில்லை. நிமோடிபின் பெரிய குழாய்களை அப்படியொன்றும் விரித்துவிடாது, ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவில் வித்தியாசம் தெரியாது, ஆனாலும் மூளை பிழைக்கிறது என்றார். 1989இல் பிரிட்டனில் 554 பேரிடம் செய்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் மூளைத்திசு செத்தது, எடுக்காதவர்களில் 33. நூற்றுக்குப் பதினொரு பேர் தப்பித்திருக்கிறார்கள்! இதை முதல் நாளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லவேண்டும். பலன் கண்ணுக்குத் தெரியாத மருந்தைத்தான் சுலபமாக விட்டுவிடுவோம்.

மார்ச் 15
வேகம் 110. இடது கையை நன்றாகத் தூக்குகிறாள். பிரஷரும் நிலையாக இருப்பதால் பழையபடி இரண்டிரண்டு.

மார்ச் 20
வீட்டுக்கு வந்தாச்சு. பக்கத்து மருந்துக்கடையில் "இதுவும் அதேதான்" என்று நிஃபெடிபின் நீட்டினார்கள். பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. இந்த வேலைக்கு அது மாற்று இல்லை. வாங்காமல் திரும்பினேன். அண்ணன் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கே போய் மிச்ச நாளுக்கும் மொத்தமாக வாங்கிவந்தான்.

மார்ச் 24
இன்று ராத்திரி பத்து மணி வேளையோடு நிமோடிபின் முடிகிறது. பிரஷர் மாத்திரை தொடரும். ஆறு மாதம் கழித்து ஆஞ்சியோ.