எட்டுப் பரப்பு

2024 ஒக்டோபர் 3
அண்ணை மார்கழியிலை வாறாராம். “அதுக்குள்ளை எட்டுப் பரப்பு வளவையும் துப்புரவாக்கி வை.” அவருக்குத் துப்புரவு எண்டா ஜேசிபி.

ஒக்டோபர் 9
இரவு நல்ல மழை. மண் ஈரமாக் கிடக்கேக்கைதான் பார்த்தீனியக் களை வேரோடை வரும். காய்ஞ்ச நிலத்திலை தண்டு முறியும், அடிக்கட்டை திரும்பத் தளிர்க்கும். கையுறை, நீளக்கைச் சேட்டு எல்லாம் போட்டும் கழுத்திலை கடி, சொறிச்சல். பூக்காததைக் குவிச்சு உக்க விட்டன். பூத்ததை யூரியாப் பையிலை கட்டி வைச்சாச்சு. ஒரு செடியிலை ஆயிரக்கணக்கிலை விதை, குவியலிலை போட்டால் நானே விதைச்ச மாதிரி. பத்தடிக்குப் பத்தடிதான் முடிஞ்சுது. முதுகு போச்சு.

ஒக்டோபர் 10
மொட்டைப்பனை நிக்குது.

ஒக்டோபர் 17
ஆறுமணிக்குருவி வந்திட்டுது! கிணத்தடியிலை நிக்கேக்கை இரட்டை விசில். அசையேல்லை நான். பூவரசுக்குக் கீழை சருகை அலகாலை பிரட்டிப் பிரட்டி ஒரு புழுவை இழுத்துது. குனியேக்கைதான் வாலடிச் சிவப்புத் தெரிஞ்சுது. போன வருசம் இதே சருகைக் கூட்டி எரிச்சனான். அப்ப ஒரு நாளும் காணேல்லை.

ஒக்டோபர் 24
மாமி வேலிக்கு மேலாலை: “பிள்ளை, உந்தச் சருகாலைதான் நுளம்பு. நான் எழுதிக் குடுக்கப் போறன்.”
வளவு முழுக்க நடந்து பொறுக்கினன். 11 சிரட்டை, ஒரு யோகட் கோப்பை, அண்ணையின்ரை பழைய சைக்கிள் ரயர். எல்லாத்துக்குள்ளையும் தண்ணி. சீமெந்துத் தொட்டிக்கு நுளம்புப் புழுத் தின்னுற கப்பி மீன் விட்டன். கேணிக்கு விடேல்லை, தவளை முட்டையைத் திண்டுபோடும். மாமி வீட்டுக் கோடியிலை எத்தினை ரயர் எண்டு கேக்க வாய் வந்தது, கேக்கேல்லை.

நவம்பர் 2
மொட்டைப்பனையாலை நித்திரை இல்லை. இடி விழுந்து கருகினது. “விழுந்தா மாமியின்ரை கூரை” எண்டுறார் அண்ணை. கயிறு பிடிச்சு அளந்தன்: கூரைக்கு 42 அடி. நிழலை வைச்சுப் பாத்தா மரம் 28. கணக்கை அனுப்பினன். நீல ரிக் விழுந்துது, பதில் இல்லை.
கிளி ஒண்டு பொந்துக்குள்ளை தலையை விட்டு விட்டு எடுக்குது. தறிச்சுப்போட்டு அதுக்கு நான் எங்கை பொந்து தேடிக் குடுக்க?

நவம்பர் 3
அண்ணைக்கு இப்ப மதிலாம். கட்டட்டும். கீரி, உடும்பு போக அடியிலை ஓட்டை விடோணும். அதை இன்னும் சொல்லேல்லை.

நவம்பர் 14
கழுத்துக் கடி நிக்கேல்லை.

நவம்பர் 26
மழை. கரண்ட் இல்லை. கேணி வழியுது. இரவு ஏதோ விழுந்த சத்தம். மாமியும் லைற் அடிச்சுப் பாக்கிறா.

நவம்பர் 27
விழுந்தது மாமியின்ரை முருங்கை. என்ரை வேலிக்கு மேலை.

டிசம்பர் 8
அண்ணை ரிக்கற் போட்டிட்டார், 21ஆம் திகதி. பிடுங்கின பத்தடிக்குள்ளை திரும்பப் பார்த்தீனியம், ரெண்டு ரெண்டு இலையா. நாளைக்கு விடிய