பதினாறு வயசுப் படைவீரர்கள்: மதுக்கரையிலிருந்து வீரப்பூர் வரை ஒரு பயணம்

கொங்கு நாட்டில் அண்ணமார் என்று கும்பிடப்படும் அண்ணன் தம்பிகள் பொன்னரும் சங்கரும். அவர்கள் கோவில்களில் சிலை வைப்பவர்கள் மேல் உள்ள கோபம் இந்தப் பயணத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. பொன்னருக்கும் சங்கருக்கும் காதுவரை முறுக்கிய மீசை, அகன்ற மார்பு, நாற்பது வயது முகம். ஆனால் அவர்கள் கதையைச் சொல்லும் உடுக்கையடிப் பாட்டில் இருவரின் ஆயுசும் பதினாறுதான். அவர்களின் அம்மா தாமரை நாச்சியார் தவம் கிடந்து வாங்கிய வரத்திலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. கொங்கு நாடு தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுவது, பொடுசாக இருக்கும்போதே கையில் வாள் கொடுக்கப்பட்ட இரண்டு பையன்களை. இதை மனசில் வைத்துக்கொண்டு கிளம்பினால் இந்த ஊர்களே வேறு மாதிரி தெரியும்.

பெரும்பாலானவர்கள் நேரே மணப்பாறை பக்கத்து வீரப்பூருக்குப் போய், பெரியகாண்டியம்மனைக் கும்பிட்டு, அண்ணமார் மாண்ட படுகளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முடிவை மட்டும் பார்த்துவிட்டு வருவது அது. முதலில் மாயனூர் மதுக்கரைக்குப் போங்கள். கரூர்–திருச்சி ரயில் பாதையில் மாயனூர் ஸ்டேஷன் இருக்கிறது. எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது, பாசஞ்சரில் ஏறுங்கள். காசும் கம்மி. கரூரிலிருந்து குளித்தலை, திருச்சி போகும் பஸ்ஸிலும் வரலாம். ஏறும்போதே கண்டக்டரிடம் மாயனூர் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குளித்தலை வரை போய்த் திரும்ப வேண்டும், இரட்டைச் செலவு.

காவிரிக்கரையில் செல்லாண்டியம்மன் கோவில். சேர, சோழ, பாண்டிய நாடுகளின் எல்லை சேரும் இடம் இதுதான் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அண்ணமாரின் அப்பா குன்னுடையாக் கவுண்டருக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடப் பங்காளிகள் காத்திருக்க, பிறந்த கையோடு பிள்ளைகளைக் கடத்திக்கொண்டுபோய் செல்லாண்டியம்மனின் நிலவறையில் ஒளித்து வைத்ததாகக் கதை. யானைப்பாலும் புலிப்பாலும் குடித்து, ஆயுதம் பழகி, ஐந்து வயதில்தான் வெளிச்சத்துக்கு வருகிறார்கள். பாடும் பூசாரிக்கு ஏற்ப விவரங்கள் மாறும்; ஒளித்து வளர்த்ததும், பழிவாங்கவே வளர்த்ததும் மாறாது. வெளியே வந்த பிறகு அந்தப் பிள்ளைகள் விளையாடுவதாகப் பாட்டில் வரும் இடம் சொற்பம். உடனே பங்காளிப் பகை, வேட்டுவர் தலைவன் தலையூர் காளியோடு பகை, எல்லைச் சண்டை. பெரியண்ணன் பொன்னர் பொறுமைசாலி, பேசித் தீர்க்கப் பார்ப்பார். சின்னண்ணன் சங்கருக்குக் கை முதலில் வாளுக்குத்தான் போகும்.

மாயனூரிலிருந்து குளித்தலை, அங்கிருந்து அய்யர்மலை, தோகைமலை வழியாக மணப்பாறை. இந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அய்யர்மலையின் 1017 படிகளையும் அதே நாளில் ஏறிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கால் விட்டுப்போகும்.

மணப்பாறையில் இறங்கினால் முறுக்கு வாங்காமல் வர முடியாது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த முறுக்கு. அரிசி மாவு, உளுந்து மாவு, ஓமம், எள், உப்பு. பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வேலை அடுப்பில் இருக்கிறது. பாதி வேகும்போது எடுத்து ஆற விட்டு, மறுபடி எண்ணெயில் போட்டுப் பொரிக்கிறார்கள். இந்த இரண்டாவது பொரிப்பில்தான் அந்த மொறுமொறுப்பு வருகிறது. ஒரே தடவையில் சிவக்க எடுத்தது வெளியே கருகி நடுவே நசநசவென்று இருக்கும். வாங்கும் முன் ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: சட்டென்று உடைய வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக நீட்டும் பாக்கெட்டுகள் எல்லாம் அந்தத் தரத்தில் இல்லை. சுடச்சுடப் போடும் கடையைத் தேடிப் போவது பத்து நிமிட வேலை, காசும் மிச்சம்.

வீரப்பூருக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் குறைவு. மாசித் திருவிழா நாட்களில் சிறப்புப் பேருந்து விடுவார்கள், அப்போதும் நிற்கவே இடம் கிடைக்காது. தனி ஆட்டோ என்றால் ஏறும் முன்பே போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துப் பேசி முடியுங்கள். போகும் கூலியை மட்டும் பேசிவிட்டு ஏறினால், திரும்பும்போது இருட்டில், வேறு வண்டி இல்லாத இடத்தில், கேட்டதைக் கொடுக்க வேண்டியிருக்கும். சாமி கும்பிட வருகிற கூலிக்காரக் குடும்பங்களிடம் இப்படிக் கறப்பது அநியாயம். நான்கைந்து பேர் சேர்ந்து போனால் தலைக்குக் கட்டுப்படியாகும்.

இனி படுகளம். பஸ் நேரம், தங்குமிடம் எல்லாம் வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இதைச் சொல்லாமல் அங்கே போக மனசு வரவில்லை.

கதையில் முதலில் வருவது கொம்பன் என்ற காட்டுப்பன்றி. அதைக் கொல்ல படை திரட்டிப் போகும் சங்கர், பொன்னாச்சி என்ற சின்னப் பெட்டைநாயைக் கூப்பிட மறந்துவிடுகிறார். அது ரோசப்பட்டுச் சபிக்கிறது, படை நோயில் விழுகிறது. பிறகு மன்னிப்புக் கேட்டு அழைத்துவர, கொம்பனை மடக்கிக் கடிப்பது அந்தப் பொன்னாச்சிதான். அதன் பிறகே சங்கரின் வேல் பாய்கிறது. பொன்னரைத் தட்டான் ஒருவன் பொன் மரக்காலைக் காட்டி ஏமாற்றி வேறு திசைக்கு இழுத்துவிட, சங்கர் தனியே வேட்டுவப் படையோடு மோதுகிறார். வெல்லவும் செய்கிறார். ஆனால் மாயவர், அதாவது திருமால், எய்த அம்பு மார்பில் பட்டதும், வரத்தின் கணக்கு முடிந்தது என்று புரிந்து, தன் வாளை நட்டு அதன்மேல் சாய்கிறார். தேடி வந்த பொன்னரும் அப்படியே. எதிரி கொன்று சாகவில்லை. பதினாறு முடிந்தது, அதனால் செத்தார்கள். தங்கை தங்காள் வீரமலைக் காட்டில் அழுதுகொண்டே தேடி வந்து, தீர்த்தம் தெளித்து எழுப்பி, கடைசியாக ஒரு தடவை பேசிக்கொள்கிறாள்.

திருவிழாவில் இதை நடித்துக் காட்டுகிறார்கள் என்று சொன்னால் சரியாகாது. உடுக்கைச் சத்தம் வேகமெடுக்கும்போது கூட்டத்திலிருந்து ஆட்கள் அருள் வந்து ஓடிவந்து மண்ணில் விழுகிறார்கள். அசையாமல் கிடப்பவர்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துகிறார்கள். அம்மாக்கள் ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். தீர்த்தம் தெளித்த பிறகுதான் ஒவ்வொருவராக எழுகிறார்கள். விழுகிறவர்களில் மீசை அரும்பாத பையன்களும் இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள், சங்கரின் வயசு அப்போது தெரியும். செல்போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடாதீர்கள். விழுந்தவர் மேல் மிதித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

திருவிழாவில் வேடபரி என்னும் ஊர்வல நாளன்று, அண்ணமாரின் தோழன் சாம்புவனின் முரசு முன்னால் போக, குதிரை வாகனமும் யானை வாகனமும் அணியாப்பூர் குதிரைக் கோவில் வரை போகும்; அங்கே அம்பு போடுவார்கள். அதே வீரமலை அடிவாரத்தில் இன்று துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருக்கிறது. பயிற்சி அறிவிப்பு இருக்கும் நாட்களில் மலைப்பக்கம் போகவே கூடாது. கிடக்கும் தோட்டா எதையும் தொடவும் கூடாது.

சாம்புவனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்து, அண்ணமாரோடு ஒன்றாக நின்று சண்டையிட்டு, அவர்களோடேயே மாண்டவர். திருவிழா பிளக்ஸ் பேனர்களில் பிரமுகர் படங்கள் பத்து இருக்கின்றன, சாம்புவன் இல்லை. இது சரியில்லை. கொங்கில் பல ஊர்களில் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள், "சாம்புவனைக் கும்புடாம தாண்டக் கூடாதுங்க" என்று. அங்கே போகிறவர்கள் அவர் சிலைமுன் நின்றுவிட்டு வாருங்கள்.

தங்குவதற்கு மணப்பாறையில் சாதாரண லாட்ஜுகள் உண்டு. திருவிழா வாரத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வாடகை ஏறும். இரவு முழுக்கக் களத்தில் இருப்பதானால் ரூமே வேண்டாம், ஒரு போர்வை போதும்: மாசியில் பகல் வெயில் கொளுத்தும், விடியற்காலை பனி இறங்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் மணப்பாறையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், களத்தருகே விலை கூட. பூசாரிக்கும் உடுக்கைக்காரருக்கும் தட்சணை தனித்தனியாகச் சில்லறையாக வைத்திருங்கள். திரும்பும் பஸ் நேரத்தைக் கடைக்காரரிடம் இல்லாமல், இறங்கிய பஸ்ஸின் கண்டக்டரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.