மாமி பார்த்த யூனியன் மேட்ச்

பெர்லினுக்கு யார் வந்தாலும் பிராண்டன்பர்க் கேட், மிச்சமிருக்கிற சுவர், டிவி டவர் என்று ஒரு சுற்று காட்டிவிடுவோம். தூத்தூரிலிருந்து வந்த மாமிக்கு மூன்றும் ஒரே மதியத்தில் சலித்துவிட்டன. "இங்கன பந்து விளையாட மாட்டானுவளா?" என்று கேட்டார்.

குமரிக் கடற்கரையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியில் ஆச்சரியம் இருக்காது. சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிற ஊர் தூத்தூர். கரையில் இருக்கும் நாட்களில் கால்பந்துதான். என் கணவர் அந்த ஊரில் பிறந்தும் பந்து பக்கம் போகாதவர். அந்தக் குறை மாமிக்கு இன்னும் உண்டு.

இந்த ஊர்க் கால்பந்து கிளப்பான யூனியன் பெர்லினின் ஆண்கள் அணி ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிளப் உறுப்பினர்களுக்கே போதாது. பெண்கள் அணி 2025-ல் முதல் பிரிவுக்கு, அதாவது பூண்டஸ்லிகாவுக்கு, ஏறியிருக்கிறது. ஆடுவதும் அதே மைதானத்தில். டிக்கெட் சுலபம், விலையும் கையைக் கடிக்காது. பெர்லினில் பிள்ளைகளோடு மேட்ச் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எஸ்-3 ரயிலில் கோப்பெனிக்கில் இறங்கி, மரங்களுக்கு நடுவே நடந்தால் மைதானம். ஏறக்குறைய 22,000 பேர் கொள்ளும். அதில் நாற்காலி 3,600 சொச்சம்தான். மற்ற எல்லோரும் நின்றுதான் பார்க்க வேண்டும். மாமிக்கு மட்டுமாவது நாற்காலி டிக்கெட் எடுக்கலாம் என்றேன். "கரையில நின்னு நாலு மணிக்கூர் பாத்தவளாக்கும் நான்" என்று முடித்துவிட்டார்.

வாசல் பக்கம் பெரிய சிவப்பு ஹெல்மெட் ஒன்றை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். 2008-ல் மைதானம் இடிந்துவிழும் நிலைக்கு வந்தபோது கிளப்பிடம் பணமில்லை. ரசிகர்களே லீவு போட்டு வந்து சிமென்ட் கலந்தார்கள், கம்பி கட்டினார்கள். 2,000 பேருக்கு மேல், மொத்தம் 1,40,000 மணி நேரம், கூலியில்லாத வேலை. அதற்கு முன்பே, 2004-ல் கிளப் கடனில் தத்தளித்தபோது, ரத்த தானம் செய்து அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தவர்கள் இவர்கள். கணவர் இதையெல்லாம் சொல்லி முடிக்கவும், "நம்ம கோவிலு கெட்டுனது மாதிரி" என்றார் மாமி. ஊர் கூடிப் படியளந்து எழுப்பிய கோயிலில் கல்யாணம் ஆனவர். எனக்கு அதைவிடப் பொருத்தமாகச் சொல்லத் தெரியவில்லை.

உள்ளே எங்கள் பக்கத்தில் நின்றவர் ஜீன்ஸ் மேல்சட்டை முழுக்க சின்னங்களைத் தைத்து ஒட்டியிருந்தார். பார்த்தால் கொஞ்சம் பயம் வரும். மகள் உயரம் பத்தாமல் எம்பி எம்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, பேசாமல் தன் இடத்தை விட்டு ஒதுங்கி, அவளைக் கம்பியோரம் நிறுத்தினார். எதிரணி வீராங்கனைகளின் பெயரை ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "நா உண்ட்!" என்று கத்தியது. அதுக்கென்ன இப்போ, என்கிற மாதிரி. யூனியன் பெயர்கள் வந்ததும் "கால்பந்து தெய்வம்!" என்று ஜெர்மனில் ஒரே முழக்கம். மூன்றாவது பெயருக்குள் மகளும் சேர்ந்துகொண்டாள்.

மூலையில் ஒரு சின்னக் கூண்டு வீடு இருக்கிறது. கோல் விழுந்தால் அங்கிருக்கும் ஆள் கோல் கணக்குப் பலகையைக் கையால் மாற்றுகிறார். பெரிய மின்திரைகள் இருக்கிற ஊரில் இதை விடாமல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

ஆட்டம் முதல் பாதியில் மந்தம்தான். குளிரில் கால் மரத்தது. வரிசையில் நின்று பன்னுக்குள் வைத்த பிராட்வுர்ஸ்ட், அதாவது சுட்ட சாசேஜ், வாங்கி வந்தேன். கடுகு விழுதைத் தொட்டுப் பார்த்த மாமி, "காரமும் இல்ல, புளியும் இல்ல" என்றாலும் முழுசாகச் சாப்பிட்டார். இடைவேளையில் மகளுக்கு வேறு தொழில் கிடைத்தது: கீழே கிடக்கும் பிளாஸ்டிக் கப்புகளைப் பொறுக்கிக் கவுன்டரில் கொடுத்தால் கப்புக்கென்று வாங்கிய முன்பணம் திரும்பக் கிடைக்கும். ஜெர்மன் பிள்ளைகளோடு போட்டி போட்டு அடுக்கினாள்.

அந்த நேரத்தில் கணவர் சொன்ன ஒரு செய்தி எனக்குப் புதிது. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955 முதல் 1970 வரை, தன் கிளப்புகள் பெண்கள் ஆட்டத்தை நடத்தக் கூடாது என்று தடை போட்டிருந்ததாம். உடம்புக்கு ஆகாதாம்! இப்போது இதே யூனியனின் ஆண்கள் அணிக்கு 2023-ல் துணைப் பயிற்சியாளராக வந்தவர் மாரி-லூயிஸ் எட்டா என்ற பெண். பூண்டஸ்லிகா ஆண்கள் அணி எதிலும் அதற்கு முன் அந்தப் பொறுப்பில் பெண் இருந்ததில்லை.

இரண்டாம் பாதியில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி யூனியன் கோல் போட்டது. பியர் மழை. ஜீன்ஸ் சட்டைக்காரர் மாமியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். மாமி அவரிடம் மலையாளம் கலந்த குமரித் தமிழில் எதையோ விளக்க, அவரும் தலையாட்டி ஜெர்மனில் பதில் சொன்னார். கடைசி நிமிடங்களில் எதிரணி ஒன்று போட்டு சமனாக்கிவிட்டது. ஆனாலும் கூட்டம் கலையவில்லை. வீராங்கனைகள் வேலியோரம் சுற்றி வரும்வரை நின்று பாடினார்கள்.

திரும்பும் ரயிலில் மாமி தூத்தூருக்கு வாட்ஸ்அப் கால் போட்டுத் தம்பியிடம் முழு ஆட்டத்தையும் ஒப்பித்தார். "கோலி கொள்ளாம். பேக்கு ரெண்டும் சரியில்ல கேட்டியா, எடது பக்கம் தொறந்து கெடக்கு, ஒருத்தியும் எறங்கி வரல்ல." சமன் கோல் வலது பக்கமிருந்து வந்தது என்று கணவர் குறுக்கே சொன்னார். "நீ பந்து தொட்டிருக்கியாடே?" என்றார் மாமி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே.