‘சாக்கிட்’ (வலி) என்று சொல்லியே மூன்று மாதம் போனது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்துத் திடலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்து விளையாடுவோம். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது, லயத்து வீடுகளில் பாதி காலி. திடல் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு வயது 38. பந்தை வாங்கித் திரும்பினேன். யாரும் என்னை இடிக்கவில்லை. மழை பெய்த மண்ணில் இடது சப்பாத்து பதிந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கோல் கம்பத்துப் பக்கம் நின்ற பையனுக்கே கேட்டதாம்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முட்டி இளநீர் மாதிரி வீங்கிவிட்டது. அம்மா கோடாலித் தைலத்தைத் தேய்த்து, தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தார். மறுநாள் காலையில் அடுத்த லயத்து மாமா வந்து நன்றாக உருவிவிட்டார். அவர் கை ராசியான கைதான், எத்தனையோ சுளுக்கை எடுத்தவர். ஆனால் இது சுளுக்கு இல்லை. அடிபட்ட கொஞ்ச நேரத்திலேயே அப்படி வீங்கினால், பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தமாம். அந்த நேரத்தில் ஐஸ் வைத்து, காலை உயரத் தூக்கி வைத்திருக்க வேண்டும். நாங்கள் செய்தது சூடும் அழுத்தமும்.

அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி நம்பர் எடுத்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. வலி மாத்திரையும் மூன்று நாள் எம்சியும் (மருத்துவ விடுப்பு) கிடைத்தன. எலும்பு நன்றாக இருந்தால் முட்டியும் நன்றாக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். எலும்புகளைக் கட்டிப் பிடித்திருக்கும் நாரும், நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வும் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அப்போது யார் கண்டது?

ஒரு மாதத்தில் வீக்கம் வற்றியது. நேராக நடந்தால் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பாம் எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை. ஒரு நாள் ஏணியில் இறங்கும்போது இடது முட்டி சட்டென்று நழுவியது. வலி பெரிதாக இல்லை. கால் என் கால் இல்லை என்பதுபோல ஒரு நொடி, அவ்வளவுதான். இரண்டாவது தடவை பாசார் (சந்தை) படிக்கட்டில். மூன்றாவது தடவை குளியலறையில்.

இத்தனைக்குப் பிறகும் கிளினிக்கில் “மாசி சாக்கிட்?” (இன்னும் வலிக்கிறதா?) என்று கேட்டால், “சாக்கிட் சிக்கிட், டொக்டர்” என்றுதான் சொல்வேன். கொஞ்சம் வலி. கொஞ்சம் வலிக்குக் கொஞ்சம் மாத்திரை. டாக்டர்மேல் தப்பில்லை. நான் சொன்னதற்குத்தான் அவர் மருந்து எழுதினார்.

மூன்றாவது மாதம் வேறொரு இளம் டாக்டர் இருந்தார். (38 வயதுக்காரனை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டார், அது வேறு விஷயம்.) நான் எழுந்து கிளம்பும்போது ஏதோ நினைவு வந்து, “லுட்டுட் சாயா லொங்கார்” என்றேன். என் முட்டி தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். நட்டு கழன்ற மோட்டாரைப் பற்றிச் சொல்வோமே, அந்த லொங்கார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். வலது கால் இழுத்ததும் ‘டக்’ என்று நின்றது. இடது கால் பழைய மேசை லாச்சி (இழுப்பறை) மாதிரி வந்துகொண்டே இருந்தது. எனக்கே வயிற்றைக் கலக்கியது.

“ஏசிஎல் போல இருக்கிறது” என்று அங்கேயே நிபுணருக்கு சூராட் (கடிதம்) எழுதிக் கொடுத்தார். முட்டிக்குள் சிலுவை மாதிரி குறுக்கே ஓடும் இரண்டு நார்களில் முன்னால் இருப்பதுதான் ஏசிஎல். நான் போனபோது, அரசாங்கக் கிளினிக் சூராட்டோடு நிபுணரை முதல் தடவை பார்க்கக் கட்டணம் குறைவு. தனியார் கிளினிக் சூராட் என்றால் அதிகம். அவசரப்பட்டுத் தனியார் கிளினிக்குக்குப் போகாமல் இருந்ததில் எனக்கு அது ஒன்றுதான் லாபம்.

எம்ஆர்ஐ தேதி நாலு மாதம் தள்ளிக் கிடைத்தது. கையில் காசு இருக்கிறவர்கள் வெளியே எடுத்துவிடுகிறார்கள். நான் காத்திருந்தேன். அந்த நாலு மாதத்தை வீணாக்க விடாதவர் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் பிசியோ அக்கா. மலாய்க்காரர். முதல் நாளே டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார். இடது தொடை 3 சென்டிமீட்டர் சூம்பியிருந்தது. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்கு, காலை நேராகத் தூக்கு, சுவரில் சாய்ந்து பாதி உட்கார். பார்த்தால் சிறுபிள்ளை விளையாட்டு. பத்தாவது தடவை தொடை நடுங்கும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே முட்டி முழுசாக நீளவேண்டும், தொடைக்குப் பலம் வரவேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குப் பிறகு இரட்டிப்புக் கஷ்டம் என்றார்.

எம்ஆர்ஐயில் நார் முழுசாக அறுந்திருந்தது, ஜவ்விலும் ஒரு கிழிசல். நிபுணர் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல. “என்ன வேலை?” என்றார். அறுந்தவர்கள் எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லையாம். தசையைப் பலப்படுத்தி அப்படியே சமாளிப்பவர்களும் உண்டு. ஏணி ஏறுகிறவனுக்கு முட்டி நழுவுவது வேறு கதை. ஒவ்வொரு நழுவலும் மிச்ச ஜவ்வைத் தின்னும் என்றார். சரி என்றேன்.

ஆபரேஷனில் புது நாரைப் பிடித்து வைக்கும் திருகின் செலவு எங்கள் பொறுப்பு என்று சொன்னார்கள். வீட்டுக்காரி கட்டிவந்த கூட்டுச் சீட்டை எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பந்து வேலைக் காயம் ஆகாது என்பதால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பக்கம் போகவே இல்லை. மோட்டாரில் வேலைக்குப் போகும் வழியில் விழுந்து கை ஒடிந்த என் கூட்டாளிக்கு சொக்சோ கிடைத்தது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. பின்தொடைத் தசைநாரில் கொஞ்சம் எடுத்து, அறுந்த நாருக்குப் பதிலாக வைத்தார்கள். வீட்டுக்கு வந்து கழிப்பறைக்குப் போனதுதான் பெரிய ஆபரேஷன்.

ஆபரேஷன் ஆகி இப்போது ஒன்பது மாதம் முடிந்திருக்கிறது. ஏணி ஏறுகிறேன், நழுவவில்லை. பந்து இன்னும் இல்லை. என்னை ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி டேப் வைத்து அளக்கிறார் பிசியோ அக்கா. நல்ல கால் தாண்டும் தூரத்தில் 90 விழுக்காடாவது இடது கால் தாண்டவேண்டும். போன வாரம் 82. “திடலுக்குப் போகலாமா?” என்று கேட்டேன். “போகலாம், கோடு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம்” என்றார். போய் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன்.