‘பர்சூடு’ பார்த்த நாட்கள்

ஆகஸ்ட் 4

ராவுல் வால்ஷ் இயக்கி 1947இல் வெளிவந்த ‘பர்சூடு’ என்ற வெஸ்டர்ன் படத்தை இன்றிரவு பார்த்து முடித்தேன். நியூ மெக்சிகோவின் பாறைகளுக்கிடையே இடிந்து கிடக்கும் ஒரு வீட்டில், தன்னைக் கொல்ல ஆட்கள் வந்துகொண்டிருக்கும் வேளையில், ஜெப் ராண்ட் (ராபர்ட் மிட்சம்) தன் மனைவி தோரிடம் தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குகிறான். படத்தின் பெரும்பகுதி அந்தக் கதைதான். ஆனால் சொல்பவனுக்கே அதன் தொடக்கம் தெரியாது. சிறுவனாகத் தரைப்பலகைக்கு அடியில் ஒளிந்திருந்தபோது கண்ட, பூட்ஸ் கால்களில் மின்னிய, குதிரையை முடுக்கும் குதிமுட்கள் மட்டுமே அவன் நினைவில் எஞ்சியிருக்கின்றன.

ஆகஸ்ட் 5

அநாதையான ஜெப்பை எடுத்து வந்து, தன் பிள்ளைகள் ஆடம், தோர் இருவருடனும் வளர்க்கிறாள் மெடோரா கேலம் (ஜூடித் ஆண்டர்சன்). 1898இல் ஸ்பெயினுடன் அமெரிக்கா நடத்திய போருக்கு யார் போவது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்க்கிறார்கள். போக வேண்டியவன் ஜெப் என்றாகிறது. சொந்த மகனும் வளர்ப்பு மகனும் ஒரே வீட்டில் இருக்கும்போது, தாய் அந்த முடிவை ஒரு காசிடம் விட்டுவிடுவதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. பிறகு ஆடம் மறைந்திருந்து சுடுகிறான், ஜெப் திருப்பிச் சுடுகிறான், ஆடம் சாகிறான். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்குவதற்காகவே தோர் அவனை மணக்கிறாள். முதலிரவில் அவளால் அது முடியாமல் போகிறது.

ஆகஸ்ட் 7

முடிவைச் சொல்லாமல் இதை எழுத இயலாது. மெடோராவுக்கும் ஜெப்பின் தந்தைக்கும் இருந்த உறவே எல்லாவற்றுக்கும் வேர். ராண்ட் குடும்பத்தை அழித்தவன் அவளுடைய கணவனின் சகோதரனான, ஒரு கையை இழந்த கிராண்ட் (டீன் ஜாக்கர்). படம் முழுவதும் துரத்துபவன் அவன்தான் என்றாலும், என் கணக்கில் பெரிய குற்றவாளி மெடோராவின் வாய்ப்பூட்டுதான். பிள்ளை கேட்ட கதையை அவள் அன்றே சொல்லியிருந்தால் ஆடம் பிழைத்திருக்கவும் கூடும். கடைசியில் கிராண்டை அவளே சுட்டு வீழ்த்துகிறாள்.

ஜேம்ஸ் வாங் ஹோவின் ஒளிப்பதிவில் குதிரைவீரர்கள் பாறைச் சுவரின் அடியில் எறும்புகளாகத் தெரிகிறார்கள். திரைக்கதையாசிரியர் நைவன் புஷ், தோராக நடித்த தெரசா ரைட்டின் அன்றைய கணவர். மனைவிக்கு இப்படியொரு முதலிரவை எழுதிக் கொடுத்த துணிச்சலை என்னவென்பது! அவருடைய நாவலிலிருந்து அந்தோணி மான் 1950இல் எடுத்த ‘த ஃபியூரீஸ்’ படத்திலும் குடும்பப் பகைதான். அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.