தோளில் இறங்கும் உதை

பறக்கும் களிமண் தட்டுகளை ஷாட்கன்னால் சுட்டு உடைக்கும் டிராப் போட்டியில் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஞாயிறு காலையில் நான்கு சுற்று சுட்டால் குறைந்தது நூறு தோட்டாவின் உதையையாவது வலது தோள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு அந்த உதை எனக்கு வலியாக மட்டும் நிற்கவில்லை. விசையை இழுக்கும் முன்பே தோள் தானாகச் சுருங்கத் தொடங்கியது, தட்டும் உடையாமல் பறந்தது. அதனால்தான் என் ஷாட்கன்னின் தோளில் பதியும் அடிக்கட்டைக்குள், குழாய் வடிவ உதைதணிப்பான் ஒன்றைப் பொருத்த முடிவு செய்தேன்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் துப்பாக்கி வைத்திருப்பதற்கே உரிமம் தேவை என்பதால், இந்த வேலையை வீட்டில் செய்ய நான் நினைக்கவில்லை. கோலாலம்பூரில் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோய், அவர் அனுமதியுடன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இந்தக் கருவிகளில் சிலவற்றுக்குள் பாதரசம் இருக்கும், சிலவற்றுக்குள் சுருள்வில்லும் எடைக்கட்டியும் இருக்கும். துப்பாக்கி பின்னால் பாயும்போது உள்ளிருக்கும் எடை சற்றுத் தாமதித்தே நகர்வதால், உதை ஒரே அடியாக இறங்காமல் கொஞ்சம் பரவி இறங்குகிறது. ஆனால் என் கணக்கில் பெரும்பங்கு வேலையைச் செய்வது வெறும் எடைதான்: 3.4 கிலோ துப்பாக்கியில் 340 கிராம் கூடினால் உதையின் ஆற்றல் ஏறக்குறைய 9 விழுக்காடு குறையும். நான் சுருள்வில் வகையையே எடுத்தேன். பாதரசம் நஞ்சு, கசிந்தால் அலுமினியத்தை அரிக்கும். தவிர 1998 காமன்வெல்த் போட்டிகளின் சுடுதல் நடந்த லங்காவிக்கு விமானத்தில் போகும்போது அதை எடுத்துச்செல்ல இயலாது.

பல ரைஃபிள்களின் கட்டை முழு மரமாக இருக்கும். மரத்தின் வளைவுக்கு ஏற்பக் கோணம் பார்த்துத் துளையிடாவிட்டால் துளைக்கருவி பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். என் ஷாட்கன்னில் கட்டையை இறுக்கும் நீண்ட போல்ட்டுக்காக ஏற்கெனவே துளை இருந்தது. அதன் விட்டம் 23 மில்லிமீட்டர், உதைதணிப்பான் குழாயுடையது 22. அந்த ஒரு மில்லிமீட்டரை யாரும் பொருட்படுத்தவில்லை, நானும்தான். முதல் சுற்றிலேயே ஒவ்வொரு வெடிக்கும் கட்டைக்குள் "டக்" என்று அடித்தது. மறுபடியும் போனபோது அவர் பின்புற ரப்பர் மெத்தையைக் கழற்றி, துளையின் உட்புற மரத்துக்கு எண்ணெய் பூசி உலர விட்டார். நம் ஊர் ஈரக்காற்றில் பூச்சு இல்லாத மரம் ஊதும் என்பதை நினைவில் வைத்துச் செய்த நல்ல வேலை அது. பிறகு குழாயின் இரு முனையிலும் ரப்பர் வளையம் மாட்டி, உள்ளே தள்ளும் முன் ஒரு பருத்தி நாடாவைக் குழாயைச் சுற்றிப் போட்டு, அதன் வாலை வெளியே விட்டார். நாளை போல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், இறுகிய குழாயை இழுத்தெடுக்க அந்த வால் போதும்.

குழாயை முடிந்தவரை முன்னால் தள்ளியும், துப்பாக்கியின் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் பின்னால் வந்துவிட்டது. முனை லேசாகி, தட்டைத் துரத்தும் கை முந்திக்கொண்டு ஓடுகிறது. முன்பக்கத்திலும் எடை சேர்க்கலாம் என்கிறார் அவர். அப்படிச் செய்தால் மொத்தம் 4 கிலோவைத் தொடும், நான்காம் சுற்றில் இடது கை தளரும் என்பதால் இப்போதைக்கு மறுத்துவிட்டேன். தோள் சுருங்குவது நின்றிருக்கிறது. கை இந்தப் புதிய சமநிலைக்குப் பழக இன்னும் சில ஞாயிறுகள் கொடுத்துப் பார்க்கிறேன்.