வெளி விளக்கு அனுமதிக்கு நடையாய் நடந்த கதை

நேற்று இரவு ஒன்பது மணிக்கு எங்கள் மனையின் பின்பக்க எல்லைக் கல்லருகே ஆய்வாளர் லக்ஸ் மீட்டரை (ஒரு இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளக்கிற கருவி) பிடித்துக்கொண்டு நின்றார். 0.7 லக்ஸ் காட்டியது, 1 வரை இருக்கலாம். இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், கிளம்பிவிட்டார். அந்த ஒரு கையெழுத்துக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. கட்டட வேலை தெரிந்தவர்களே, வெளிச்சம் பக்கத்து மனைக்குள் வழியக் கூடாது என்கிற வெளி விளக்கு விதியில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால், எங்கெங்கே தடுக்கியது என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

என் தம்பி பல் மருத்துவன். அவனுக்காக ஒரு சின்ன கிளினிக் கட்டடம், முன்னும் பின்னும் சேர்த்து முப்பது வண்டி நிற்கிற பார்க்கிங். அனுமதி அலைச்சல் என் பொறுப்பு. மனைப் பயன்பாடு, வடிகால், தீ பாதுகாப்பு எல்லாம் அதன் போக்கில் முடிந்தன. விளக்கு மட்டும் முடியவில்லை.

முதல் முறை மனு கொடுக்கும்போது கவுன்டரில் இருந்தவரிடம் நேராகவே கேட்டேன், "வெளி விளக்குக்குத் தனியா ஏதாவது வைக்கணுமா?" அவர் மின் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கம்பம் எங்கே வருதுன்னு காட்டியிருக்கீங்களே, போதும்" என்றார். நம்பிவிட்டேன். நான்கு வாரம் கழித்து ஃபைல் திரும்பி வந்தது. உள்ளே ஒரே ஒரு வரி: ஒளி அளவுப் பிளான் இணைக்கப்படவில்லை. அதாவது அந்த நான்கு வாரமும் யாரும் எதையும் பரிசீலிக்கவே இல்லை. திரும்பப் போய்க் கேட்டால் அதே மனிதர், "விதியில தெளிவா இருக்கே" என்கிறார். இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கவுன்டரில் வாயால் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். கேள்வியை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். அப்புறம், விளக்கு விதி பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்காது. எங்கள் விதித் தொகுப்பில் விளக்குக்கென்று ஒரு அத்தியாயம் இருந்தது. ஆனால் பார்க்கிங் அத்தியாயத்திலும் இரண்டு பத்தி, பெயர்ப் பலகை அத்தியாயத்தில் ஒரு பத்தி ஒளிந்திருந்தன.

டிசைனர் ஒருவரைப் பிடித்து ஒளி அளவுப் பிளான் போட்டோம். மனை முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள், ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை லக்ஸ் விழும் என்று. பின்பக்க எல்லையில் அதிகபட்சம் 0.9. அங்கே அனுமதி 1 லக்ஸ். தப்பித்தோம் என்று நினைத்துக் கொடுத்தேன். இரண்டாவது முறையும் திரும்பி வந்தது.

இந்த முறை காரணம் நியாயமானது. எனக்குத்தான் புரிய நாளாயிற்று. விளக்கு பழசாகப் பழசாக மங்கும், கண்ணாடியில் தூசி படியும். அதற்காகக் கணக்கில் ஒரு குறைப்பு எண் போடுவார்கள். எங்கள் டிசைனர் 0.8 போட்டிருந்தார். சில வருடம் கழித்தும் பார்க்கிங்கில் போதுமான வெளிச்சம் இருக்குமா என்று பார்க்க அது சரியான கணக்கு. ஆனால் பக்கத்து மனைக்குள் எவ்வளவு வழிகிறது என்று பார்க்கும்போது, விளக்கு புத்தம் புதிதாக எரிகிற முதல் நாள்தான் மோசமான நாள். அங்கே குறைப்பே இல்லாமல், 1.0 வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால் எங்கள் 0.9 என்பது 1.1 ஆகிவிடுகிறது. விதியைத் தாண்டிவிட்டோம்! கட்டங்களும் எல்லைக்கோட்டோடு நின்றிருந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கமும் மூன்று மீட்டருக்கு எண்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உங்கள் டிசைனர் பிளானைக் கையில் கொடுத்ததும் நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்தக் குறைப்பு எண்ணைத்தான். ஓரத்தில் சின்ன எழுத்தில், விளக்குப் பட்டியலின் கடைசிப் பத்தியில் இருக்கும். பார்க்கிங்குக்கு ஒன்று, எல்லைக்கு ஒன்று என்று இரண்டு கணக்காகக் கேளுங்கள்.

அந்த 1 லக்ஸ் எங்கிருந்து வந்தது என்பதிலும் எனக்குக் குழப்பம் இருந்தது. 2011இல் அமெரிக்காவில் இருள் வானத்துக்காகப் பாடுபடுகிற சங்கமும் ஒளிப் பொறியாளர்கள் சங்கமும் சேர்ந்து ஒரு மாதிரி விதியை வெளியிட்டார்கள். இடங்களை 0 முதல் 4 வரை ஒளி மண்டலங்களாகப் பிரிப்பது அதில் இருக்கிறது; எண் குறையக் குறைய விதி கடுமை. எங்கள் உள்ளூர் விதியும் அதே பாணிதான். கிளினிக் மனை மண்டலம் 2, பின்னால் இருக்கிற வீடுகள் மண்டலம் 1. டிசைனர் எங்கள் மண்டலத்தின் அளவைப் பார்த்திருந்தார். எல்லையில் செல்லுபடியாவதோ, இரண்டில் எது கடுமையோ அது. அந்த 1 லக்ஸ் வந்தது வீடுகளின் மண்டலத்திலிருந்து. உங்கள் மண்டலத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், பக்கத்து மனையின் மண்டலத்தையும் பாருங்கள்.

சரி, வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். விளக்கின் வாட்டைக் குறைத்தால் பார்க்கிங்கின் நடுப்பகுதி இருட்டாகிறது, குறைந்தபட்ச அளவு கிடைப்பதில்லை. இரண்டு வாரம் இதிலேயே இழுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் வாட்டை விட்டுவிட்டு, விளக்கு எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை மாற்றினோம். ஓரத்துக் கம்பங்களில் நான்கு பக்கமும் சமமாக வீசுகிற லென்ஸ் போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு முன்பக்கமாகத் தள்ளி வீசுகிற வகையும், பின்னால் ஒரு தடுப்புத் தகடும் போட்டதும் எல்லை எண்கள் சடசடவென்று இறங்கின. விளக்கின் விவரத் தாளில் பி, யு, ஜி என்று மூன்று எழுத்தும் பக்கத்தில் 0 முதல் 5 வரை எண்ணும் இருக்கும், குறைவாக இருந்தால் நல்லது. பி என்பது கம்பத்துக்குப் பின்னால் போகிற ஒளி, யு மேலே போகிறது, ஜி கண் கூச்சம். எல்லை ஓரத்துக் கம்பம் என்றால் முதலில் பி எண்ணைப் பாருங்கள்.

மூன்றாவது முறை எதற்காகத் திரும்பி வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது. விளக்கின் உயரம் தரையிலிருந்து 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் கம்பம் சரியாக 6 மீட்டர். ஆனால் வண்டி மோதாமல் இருக்க அதன் கீழே 75 சென்டிமீட்டர் கான்கிரீட் மேடை வருகிறது. மொத்தம் 6.75. வரைபடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் "மேடை சேர்த்தா?" என்று எழுதியிருந்தது. இதே வரைபடம்தான் இரண்டாவது முறையும் அவர்கள் மேஜையில் இருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். 5 மீட்டர் கம்பத்துக்கு மாறினோம், கூடுதலாக ஒரு கம்பம் வைக்க வேண்டி வந்தது, கணக்கு முழுவதும் மறுபடி முதலிலிருந்து. ஒரு நன்மையும் நடந்தது. உயரம் குறைந்ததால் பின்பக்க எல்லையில் எண் இன்னும் இறங்கியது. மறுபடி கொடுப்பதற்கு முந்தின இரவு, தோட்ட வரைபடத்தையும் விளக்கு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். புதிய கம்பம் ஒரு மரத்தின் நடுவில் நின்றது! மரத்தை இரண்டு மீட்டர் தள்ளி வரைந்து கொடுத்தோம். நான்காவது முறை அனுமதி வந்துவிட்டது.

காகிதத்தில் அனுமதி வந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் எலக்ட்ரீஷியன் விளக்குகளை இறக்கினார். நல்ல வேலைக்காரர், அதில் குறையே இல்லை. ஆனால் பெட்டியில் இருந்த பெயரும் அனுமதி வாங்கிய பெயரும் ஒன்றாக இல்லை. "மேடம், இது அதுக்குச் சமமானதுதான், கம்பெனிதான் வேற" என்றார். அனுமதி கொடுத்திருப்பது குறிப்பிட்ட மாடலின் குறிப்பிட்ட லென்ஸுக்கு. சமமானது என்று நாம் சொன்னால் போதாது, அந்த விளக்கு எந்தப் பக்கம் எவ்வளவு வீசுகிறது என்று சொல்கிற ஒளிப்பரவல் கோப்பை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டு அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கே திருப்பி அனுப்பினோம்.

சரியான விளக்குகள் வந்து, மாட்டி, முதல் ராத்திரி எரியவிட்டோம். பார்த்ததும் ஏதோ உறுத்தியது. வெளிச்சம் வெள்ளை வெளேரென்று இருந்தது. விதி 3000 கெல்வினுக்கு மேல் கூடாது என்கிறது. கெல்வின் என்பது ஒளியின் நிற அளவு, எண் ஏற ஏற மஞ்சள் போய் வெள்ளையும் நீலமும் கூடும். நீலம் கலந்த ஒளி காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தை வெளுக்கவைக்கும், பூச்சிகளையும் அதிகமாக இழுக்கும். நாங்கள் வாங்கியதும் 3000 மாடல்தானே என்று ஒரு விளக்கைக் கீழே இறக்கி மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஓரமாக நகம் அளவுக்கு ஒரு சின்ன கறுப்பு ஸ்விட்ச். 3000, 4000, 5000 என்று மூன்று நிலை. தொழிற்சாலையிலிருந்து நடுவில் வைத்தே அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்திலேயே வாட்டுக்கு இன்னொரு ஸ்விட்ச், அது உச்சத்தில் இருந்தது. ஏழு கம்பத்திலும் திரும்ப ஏணி போட்டு ஏற வேண்டியதாயிற்று. உங்கள் விளக்கு இந்த மாதிரி வகையென்றால், ஏற்றுவதற்கு முன்னால் தரையிலேயே ஸ்விட்சை நகர்த்தி, மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆய்வாளர் அந்தப் படங்களைத்தான் முதலில் கேட்டார்.

அதே வாரம் பின்வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "ஒரு நிமிஷம் வந்து பாருங்கம்மா" என்று தன் படுக்கையறைக்குக் கூட்டிப்போனார். விளக்கை அணைத்தார். எதிர்ச் சுவரில் ஜன்னல் சட்டத்தின் நிழல் கட்டம் கட்டமாகத் தெளிவாக விழுந்திருந்தது. "முன்னாடி இந்த ரூம் இருட்டா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதுவரை எனக்கு அது எண்களின் சண்டை, 1.1ஐ 1க்குக் கீழே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். கம்ப விளக்குகள் காரணமில்லை. பின்கதவுக்கு மேலே இருந்த சுவர் விளக்கை, படிக்கட்டு நன்றாகத் தெரியட்டும் என்று எலக்ட்ரீஷியன் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்திருந்தார். யு எண் பூஜ்யம் என்று விவரத் தாளில் இருப்பதெல்லாம் விளக்கு மட்டமாக இருந்தால்தான். சாய்த்த கணமே அந்தச் சான்றுக்கு அர்த்தமில்லை. அன்று இரவே மட்டப்பலகை வைத்துத் திருத்தினோம். அடுத்த நாள் இரவு நானே போய் அந்த அறையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். சுவரில் எதுவும் இல்லை.

கடைசி ஆய்விலும் ஒரு வீண் பயணம். அலுவலகத்தில் சாயங்காலம் நான்கு மணிக்கு நேரம் கொடுத்தார்கள். ஆய்வாளர் வந்து கம்பத்தின் உயரத்தை மட்டும் அளந்துவிட்டு, "வெளிச்சத்தை இருட்டின பிறகுதானே அளக்க முடியும், யார் இந்த நேரம் கொடுத்தது?" என்று என்னையே கேட்டார். அடுத்த தேதி பௌர்ணமியை ஒட்டி வந்தது. முழு நிலா மட்டுமே கால் லக்ஸ் வரை கொடுக்கும். 1 லக்ஸ் வரம்பில் அது சின்ன விஷயமில்லை. நானே கேட்டு ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அந்த ஒரு விஷயத்தில் நான் முந்திக்கொண்டதில் எனக்கு நிறையவே சந்தோஷம். ஆய்வாளரும் முதலில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லி, தெரு விளக்கிலிருந்து வருகிற அளவைக் குறித்துக்கொண்டார். அப்புறம்தான் எங்கள் விளக்குகளைப் போடச் சொன்னார். இதை நீங்களும் வற்புறுத்திக் கேளுங்கள், இல்லாவிட்டால் தெரு விளக்கின் வெளிச்சமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

அவர் கிளம்பும்போது பத்து மணி ஆகியிருந்தது. கிளினிக் மூடும் நேரத்துக்குப் பிறகு பாதியாகக் குறைய வேண்டும் என்று டைமரில் வைத்திருந்தோம். அவர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோதே ஏழு கம்பமும் சத்தமில்லாமல் ஒன்றாக மங்கின. அவர் திரும்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார், அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.